சிண்ட்ரெல்லாவை ஸ்காட்லாந்துக் கோட்டைக்குக் கூட்டிப்போவது எப்படி? தேவதைக் கதையை இடைக்காலக் காதல் நாவலாக்க ஒரு முழுமையான வழிகாட்டி

ஆங்கில ரொமான்ஸ் நாவல் உலகத்தில் இது ஒரு தனிச் சந்து. அட்டையில் சட்டை போடாத மாவீரன், அவனுக்குப் பின்னால் பனிமூட்டத்தில் ஒரு கோட்டை. உள்ளே திறந்தால் சின்ன வயதிலிருந்து நமக்குத் தெரிந்த சிண்ட்ரெல்லாவோ, ரபன்ஸலோ, அழகியும் அரக்கனுமோ. களம் இடைக்கால ஸ்காட்லாந்து. இப்படி ஒன்றைத் தமிழில் எழுதிப் பார்க்க நினைக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

இந்த வகை நாவல்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகின்றன. கோட்டையையும் குளிரையும் எடுத்துவிட்டால் கதை எங்கே வேண்டுமானாலும் நடக்கலாம் என்கிற மாதிரி இருக்கும். தேவதைக் கதையில் மந்திரம் செய்த வேலையை உங்கள் நாவலில் அந்தக் காலத்துச் சட்டமும் நிலமும் திருச்சபையும் செய்ய வேண்டும். அது அமைந்துவிட்டால் பாதி நாவல் தானாக வந்துவிடும்.

படி 1: கதையின் ஸ்காட்லாந்து வடிவத்தைத் தேடுங்கள்

கண்ணாடிச் செருப்பு பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ 1697-ல் வெளியிட்ட வடிவத்தில் வருவது. கிரிம் சகோதரர்களின் முதல் தொகுதி 1812-ல் வந்தது. இரண்டுமே உங்கள் களத்துக்குப் பல நூறு ஆண்டுகள் பிந்தியவை. ஸ்காட்லாந்துக்கென்று ஒரு சிண்ட்ரெல்லா இருக்கிறாள்: ரஷின் கோட்டி, கோரைப்புல்லில் செய்த மேலங்கி போட்ட பெண். 1550 வாக்கில் அச்சான ‘ஸ்காட்லாந்தின் முறையீடு’ என்ற நூலில் மேய்ப்பர்கள் சொல்லும் கதைகளின் பட்டியல் ஒன்று வருகிறது. அதிலேயே அவள் பெயர் இருக்கிறது. அவளுக்கு உதவுவது செத்துப்போன அம்மா விட்டுச்சென்ற ஒரு சிவப்புக் கன்றுக்குட்டி. அவள் அலங்கரித்துக்கொண்டு போவது அரண்மனை நடனத்துக்கு இல்லை, கிறிஸ்துமஸ் பூசைக்கு.

ஸ்னோ ஒயிட்டுக்கும் இப்படி ஒரு கேலிக் மொழி (ஸ்காட்லாந்து மலைநாட்டின் பழைய மொழி) வடிவம் உண்டு. மகள் பொன்மரம், தாய் வெள்ளிமரம். மாயக் கண்ணாடிக்குப் பதிலாகக் கிணற்றில் ஒரு டிரௌட் மீன். ‘உலகத்திலேயே அழகான ராணி நான்தானே?’ என்று தாய் அதனிடம்தான் கேட்கிறாள். முகம் முழுக்கத் தெரிகிற பெரிய தட்டைக் கண்ணாடி இடைக்காலக் கோட்டையில் கிடைக்காது என்பதால் இந்த மீன் உங்களுக்கு வரப்பிரசாதம். இந்தக் கதையில் இளவரசனின் இரண்டாம் மனைவிதான் பொன்மரத்தைப் பிழைக்க வைக்கிறாள்; கடைசியில் மூவரும் ஒன்றாக வாழ்கிறார்கள். ரொமான்ஸ் வாசகர் அதை ஒப்புக்கொள்ள மாட்டார். ஆனால் அந்த இரண்டாம் மனைவியை விதவை நாத்தனாராக மாற்றிப் பாருங்கள், நாயகியின் தோழிப் பாத்திரம் தயார்.

இன்னும் இருக்கின்றன. மந்திரத்தால் ஆட்டுத்தலை முளைத்துவிட்ட தன் மாற்றாந்தாய்ச் சகோதரியைக் காப்பாற்றுகிறவள் கேட் கிராக்கர்நட்ஸ். காளையுருவில் இருக்கும் காதலனுக்காக ஏழு வருடம் கொல்லனிடம் வேலை செய்து, இரும்புக் காலணி வாங்கி, கண்ணாடி மலை ஏறுகிறவள் ‘நார்வேயின் கருங்காளை’ நாயகி. இவர்கள் கோபுரத்தில் காத்திருக்கிற ரகம் இல்லை. ராபர்ட் சேம்பர்ஸ் 1826-ல் வெளியிட்டுப் பின்னால் விரிவாக்கிய நாட்டுப்புறப் பாடல் தொகுப்பையும், ஜே. எஃப். கேம்பல் 1860 முதல் 1862 வரை நான்கு தொகுதிகளாகக் கொண்டுவந்த மேற்கு ஹைலேண்ட் (ஸ்காட்லாந்தின் மலைநாடு) கதைகளையும் முதலில் வாசியுங்கள். இரண்டும் காப்புரிமை முடிந்தவை.

படி 2: ஓர் ஆண்டைப் பிடியுங்கள்

‘இடைக்காலம்’ என்று பொதுவாக விட்டுவிட்டால் எல்லாமே கலங்கிவிடும். ஆண்டு முடிவானால்தான் யார் ராஜா, யார் யாருக்கு எதிரி, எந்தக் கோட்டை யார் கையில் என்பது தெரியும்.

1263-ல் லார்க்ஸில் நார்வே மன்னரின் படையோடு மோதல், 1266-ல் பெர்த் உடன்படிக்கை, மேற்குக் கடலில் உள்ள ஹெப்ரிடீஸ் தீவுகள் நார்வேயிடமிருந்து ஸ்காட்லாந்துக்குக் கைமாறுகின்றன. கருங்காளைக் கதைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. நாயகன் நேற்றுவரை நார்வேயின் ஆள், இன்று யாருடைய ஆளும் இல்லை.

1286-ல் ஸ்காட்லாந்து மன்னர் மூன்றாம் அலெக்ஸாண்டர் இரவில் குதிரையிலிருந்து விழுந்து சாகிறார். அடுத்து வாரிசுச் சிக்கல், பிறகு 1296 முதல் 1328 வரை இங்கிலாந்துக்கு எதிரான விடுதலைப் போர்க் காலம். போராளி வாலஸ், பிறகு அரசரான ராபர்ட் புரூஸ், 1314-ல் அவர் ஆங்கிலேயரை வென்ற பானக்பர்ன் போர். இந்த நாவல்களில் மிக அதிகமாகப் புழங்கும் காலம் இதுதான். கூட்டமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், சரக்கு அவ்வளவு இருக்கிறது.

கோபுரத்தில் அடைபட்ட ரபன்ஸலை எழுதுகிறவர்களுக்கு இரண்டு கதவுகள். ஒன்று, 1306-ல் புரூஸின் தலையில் கிரீடம் வைத்த பக்கன் சீமாட்டி இசபெல்லா. அதற்குத் தண்டனையாக இங்கிலாந்து அரசர் முதலாம் எட்வர்ட் அவரை எல்லை நகரான பெரிக்கின் கோட்டைக் கோபுரம் ஒன்றில் மரமும் இரும்பும் கொண்டு செய்த கூண்டில் அடைத்தார். 1310 வரை அங்கேதான் இருந்தார். கூண்டுக்குள் ஒழுங்கான கழிவறை வசதி இருக்க வேண்டும் என்றுகூட அந்த ஆணையில் எழுதியிருக்கிறது. அந்த ஒரு வரி போதும், உங்கள் கோபுரம் உண்மையாகிவிடும். ஆனால் இசபெல்லாவுக்கே ஒரு கற்பனைக் காதலனைக் கொடுக்காதீர்கள். நிஜமாகவே கஷ்டப்பட்ட மனுஷி. அவருக்குப் பணிவிடை செய்ய வைத்த ஆங்கிலேயப் பெண்களில் ஒருத்தியாக உங்கள் நாயகியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். இன்னொரு கதவு ஸ்காட்லாந்து மன்னர் முதலாம் ஜேம்ஸ். 1406-ல் சிறுவனாகக் கடலில் பிடிபட்டு, இங்கிலாந்தில் 18 ஆண்டுகள் சிறை. கோபுர ஜன்னல் வழியாகத் தோட்டத்தில் நடந்த பெண்ணைப் பார்த்துக் காதல் கொண்டதை அவர் எழுதியதாகக் கருதப்படும் கவிதையே சொல்கிறது. 1424-ல் ஜோன் போஃபோர்ட்டை மணந்துகொண்டு ஊர் திரும்பினார். கோபுரத்தில் ஆண், கீழே பெண். தலைகீழ் ரபன்ஸல்.

படி 3: மந்திரப் பட்டியல் போட்டு, ஒவ்வொன்றுக்கும் மாற்று தேடுங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான் என்பதால் ஒரே கதையை எடுத்துக்கொண்டு கடைசிவரை போவோம். சிண்ட்ரெல்லா, ஆண்டு 1318, இடம் நடு ஸ்காட்லாந்தில் ஸ்ட்ராத்தர்ன் பள்ளத்தாக்கு.

முதலில் சித்தி. அவள் ஏன் கொடுமைக்காரி? ‘பொறாமை’ என்று எழுதினால் ஒரு அத்தியாயம் தாங்காது. சட்டத்தைப் பாருங்கள். ஆண் வாரிசு இல்லாமல் தகப்பன் இறந்தால் நிலம் மகள்கள் எல்லோருக்கும் சமமாகப் பிரியும். குடும்பத்தின் பிரதான வீடு மட்டும் மூத்தவளுக்கு. விதவைக்கு வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கு, அதுவும் ஆயுள்வரைதான். இப்போது சித்தியின் இரண்டு பெண்களும் அதே தகப்பனுக்குப் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மூத்த தாரத்து மகள் இருக்கும்வரை அந்தப் பெண்களுக்கு ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு. பிரதான வீடான கோபுரமும் மூத்தவளுக்கே போய்விடும். அவள் கன்னியாஸ்திரி ஆகிவிட்டால்? சபதம் எடுத்தவள் சட்டத்தின் கண்ணில் செத்தவளுக்குச் சமம், சொத்து கிடையாது. பெர்த் பக்கத்தில் எல்கோவில் சிஸ்டர்சியன் சபையின் கன்னியர் மடம் ஒன்று அப்போது இருந்தது. சித்தி நாயகியை அடித்துத் துன்புறுத்தத் தேவையே இல்லை. பக்தியுள்ள பெண் என்று ஊரெல்லாம் புகழ்ந்துகொண்டே இருந்தால் போதும்.

தகப்பன் எப்படிச் செத்தான்? புரூஸின் தம்பி எட்வர்ட் 1315 மே மாதம் படையோடு அயர்லாந்தில் இறங்கினான். தகப்பன் அந்தப் படையில் போனவன். சடலம் வரவில்லை, செய்தி மட்டும் வந்தது. செய்தி உண்மைதானா என்ற சந்தேகத்தைப் பாதி நாவல்வரை இழுக்கலாம்.

அடுத்தது சாம்பல். கோட்டையின் நடுக்கூடத்து அடுப்பை ராத்திரி அணைத்துவிட மாட்டார்கள். கங்குகளைப் பரப்பி, மூன்றாகப் பிரித்து, பீட் (எரிக்க வெட்டிக் காயவைத்த சதுப்பு மண்) கட்டிகளை இடையில் வைத்து, மேலே சாம்பலை மூடுவார்கள். பிதா, சுதன், பரிசுத்த ஆவி பெயரைச் சொல்லி முணுமுணுப்பாக ஒரு ஜெபம். காலையில் சாம்பலைக் கிளறினால் உள்ளே நெருப்பு உயிரோடு இருக்கும். இது ஹெப்ரிடீஸ் தீவுகளில் 19-ஆம் நூற்றாண்டில் பதிவான சடங்கு. அதை ஐந்நூறு ஆண்டு பின்னுக்கு எடுத்துப்போகும் உரிமையை நாவலாசிரியர் எடுத்துக்கொள்ளலாம். விஷயம் என்னவென்றால், இந்த வேலை வேலைக்காரியுடையது இல்லை, வீட்டு எஜமானியுடையது. இழிவு என்று நினைத்துச் சித்தி அவளிடம் தள்ளிவிட்ட வேலையே அவள்தான் இந்த வீட்டுக்காரி என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இதைப் பாத்திரங்கள் யாரும் வாய்விட்டுச் சொல்ல வேண்டாம். பழைய வேலையாட்கள் அவள் அடுப்பு மூடும்போது எழுந்து நின்றால் போதும்.

மாயத் தேவதைக்கு மாற்று, ஞானத்தாய். ஞானஸ்நானத்தில் குழந்தையைக் கையில் ஏந்திய உண்மையான ஞானத்தாய். இதில் ஒரு கண்ணி இருக்கிறது. ஞான உறவு அன்றைய திருச்சபைச் சட்டத்தில் ரத்த உறவு மாதிரி. ஞானத்தாயின் மகனை நாயகி கல்யாணம் செய்ய முடியாது. இது தெரியாமல் நாயகனை ஞானத்தாயின் மகனாக வைத்தால் கல்யாணமே செல்லாது. தெரிந்தே வைத்தால், முதல் பாதிக்கு ஒரு நல்ல போலி நாயகன் கிடைத்துவிடுவான்.

நடன விருந்துக்கு என்ன செய்வது? 1318 ஜூலை 5 அன்று செயின்ட் ஆண்ட்ரூஸ் பேராலயம் ராபர்ட் புரூஸ் முன்னிலையில் அர்ச்சிக்கப்பட்டது. ஆயர் லாம்பர்ட்டன், பிரபுக்கள், மடாதிபதிகள் எல்லோரும் கூடிய நாள். ஏப்ரலில்தான் பெரிக் நகரை ஆங்கிலேயரிடமிருந்து மீட்டிருக்கிறார்கள், ஊரே கொண்டாட்டத்தில் இருக்கிறது. ரஷின் கோட்டி பூசைக்குப் போனவள்தானே, உங்கள் நாயகியும் அங்கே போகட்டும். ஸ்ட்ராத்தர்னிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர், குதிரையில் இரண்டு நாள். பூசணிக்காய் வண்டிக்கு வேலையில்லை, இரவலாக வாங்கிய ஒரு குட்டைக் குதிரை போதும்.

நள்ளிரவு மணியில் கொஞ்சம் கவனம் வேண்டும். கடிகாரம் கிடையாது, இரவு ஜெபத்துக்குத் துறவிகளை எழுப்பும் மணிதான் உங்கள் மணி. இன்னொன்று, அந்த வடக்கு அட்சரேகையில் ஜூலை மாத இரவு முழுசாக இருட்டவே இருட்டாது. அடிவானத்தில் வெளிச்சம் மிச்சமிருக்கும். இருளில் மறைந்து ஓடினாள் என்று எழுத முடியாது. ஓடுகிறவளின் முகம் தெரியும், அவளைப் பார்த்தவர்களும் இருப்பார்கள். காட்சிக்கு இது இன்னும் நல்லதுதான்.

கடைசியாகச் செருப்பு. தோல் காலணியை வைத்துக்கொண்டு ஆளைக் கண்டுபிடிப்பது அந்தக் காலத்திலும் நம்பும்படி இல்லை. என் யோசனை, அவள் தொலைப்பது தன் முத்திரை அச்சை. உயர்குடிப் பெண்களுக்குத் தனி முத்திரை உண்டு. கூர்முனை கொண்ட நீள்வட்ட வடிவம் வழக்கம். அதை வைத்து மெழுகில் அழுத்தினால் பத்திரம் செல்லும். நாயகன் கையில் கிடைத்தது காதல் சின்னம் இல்லை, அவளுடைய மொத்த நிலமும். அதை அவன் திருப்பிக் கொடுக்கிறானா, எத்தனை நாளில் கொடுக்கிறான், இடையில் அது யார் கையில் சிக்குகிறது? இதோ உங்கள் இரண்டாம் பாதி.

செருப்பு மாட்டிப் பார்க்கும் காட்சிக்குப் பதில், செத்தவரின் நேரடி வாரிசு யார் என்று அக்கம்பக்கத்து நம்பிக்கையான ஆட்கள் சத்தியம் செய்து சொல்லும் விசாரணை. அடுப்படியில் எழுந்து நின்ற அதே ஊர் இங்கே வாய் திறக்க வேண்டும்.

அரக்கன் கதைக்கும் ஒரு சொல். சாபத்துக்குத் திருச்சபை விலக்கைப் பயன்படுத்துங்கள். 1306-ல் டம்ஃப்ரீஸ் மடாலயத்துக்குள் தன் போட்டியாளன் ஜான் காமினைக் கொன்றதற்காக புரூஸே விலக்கப்பட்டவர். விலக்கப்பட்டவனோடு யாரும் சேர்ந்து சாப்பிடக் கூடாது, அவனுக்குத் திருச்சபையின் புனிதச் சடங்குகள் இல்லை, செத்தால் புனித மண்ணில் இடமில்லை. ரோமமும் கோரைப்பல்லும் தராத தனிமை இதில் இருக்கிறது. முகத்தில் தழும்பு, கால் ஊனம் என்று வைத்து அதையே ‘அரக்கத்தனம்’ ஆக்குவது பழைய பழக்கம், அதை விட்டுவிடலாம்.

படி 4: காதலுக்கும் கல்யாணத்துக்கும் இடையிலுள்ள சட்டம்

அன்றைய திருச்சபைச் சட்டப்படி, ஆணும் பெண்ணும் ‘இப்போது உன்னை மணக்கிறேன்’ என்று நிகழ்காலத்தில் பரஸ்பரம் சொல்லிவிட்டால் கல்யாணம் முடிந்தது. பாதிரியார் வேண்டாம், சாட்சியும் வேண்டாம். திருச்சபை இதைக் கண்டித்தது, ஆனால் செல்லாது என்று சொல்லவில்லை. ‘மணப்பேன்’ என்று எதிர்காலத்தில் சொல்லிவிட்டு உடலுறவு கொண்டாலும் கல்யாணம்தான். இந்த மாதிரி அறிவிப்புக் கல்யாணம் ஸ்காட்லாந்தில் 1940 வரை செல்லுபடியானது. ஒரு ரொமான்ஸ் எழுத்தாளருக்கு இதைவிட என்ன வேண்டும்? தோட்டத்தில் இருவர் மட்டும் இருக்கும்போது சொன்ன ஒரு வாக்கியத்தை அப்புறம் யார் நிரூபிப்பது?

கையைக் கயிற்றால் கட்டி ‘ஒரு வருடமும் ஒரு நாளும்’ சோதனைக் கல்யாணம் என்பது இந்த நாவல்களில் திரும்பத் திரும்ப வரும். அது பிற்காலத்தில் பரவிய கதை. இடைக்காலத்தில் கைப்பிடித்தல் என்பது நிச்சயதார்த்தம். அதேபோல முதலிரவு உரிமை கேட்கும் பிரபு. அதற்கும் ஆதாரம் இல்லை, தயவுசெய்து வேண்டாம்.

சட்டப்படி பெண்ணுக்கு 12 வயது போதும் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நாயகியை இருபதை ஒட்டியவளாக வையுங்கள். தூங்கும் அழகியை எழுதினால் அந்த முத்தக் காட்சியையும் மாற்றுங்கள். தூங்குகிறவள் சம்மதிக்க முடியாது. இன்றைய வாசகர் அந்தப் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிடுவார்.

படி 5: துணி, சாப்பாடு, பெயர்

இதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். அட்டைப்படம் என்ன காட்டினாலும், இடைக்காலத்தில் கில்ட் என்ற பாவாடை மாதிரி ஆண் உடை கிடையாது. இடுப்புவார் கட்டிய பெரிய பிளெயிட் (உடம்பைச் சுற்றும் கம்பளித் துணி) 16-ஆம் நூற்றாண்டின் கடைசியில்தான் வருகிறது, குட்டைக் கில்ட் 18-ஆம் நூற்றாண்டில். ஒவ்வொரு குலத்துக்கும் ஒரு கட்டம் போட்ட துணி என்பது 19-ஆம் நூற்றாண்டு ஏற்பாடு. உங்கள் ஹைலேண்ட் நாயகன் போடுவது குங்கும மஞ்சள் நிற நீண்ட லினன் சட்டை, மேலே கம்பளிப் போர்வை. உருளைக்கிழங்கு வேண்டாம், ஓட்ஸ், பார்லி, பாலாடைக்கட்டி, சால்மன் மீன், ஏல் பியர் போதும். ஸ்காட்லாந்தில் விஸ்கியின் முதல் எழுத்துப் பதிவே 1494-ல்தான், துறவி ஜான் காருக்கு மால்ட் (முளைகட்டிய பார்லி) கொடுத்த அரசாங்கக் கணக்கில். ஓநாய் உண்டு, தாராளமாக எழுதலாம். பிரபுக்கள் ஓநாய் வேட்டையாட வேண்டும் என்று முதலாம் ஜேம்ஸ் காலத்தில் சட்டமே போட்டார்கள்.

நாயகிக்கு ஃபியோனா என்று பெயர் வைக்க எல்லோருக்கும் கை அரிக்கும். அது 18-ஆம் நூற்றாண்டில் ஜேம்ஸ் மக்ஃபெர்சன் புழக்கத்துக்குக் கொண்டுவந்த பெயர். மார்ஜரி, யுஃபீமியா, கிறிஸ்டியன், இசபெல், ஆக்னஸ் எல்லாம் அந்தக் காலத்துப் பெயர்கள்தான். கல்யாணத்துக்குப் பிறகும் ஸ்காட்லாந்துப் பெண்கள் தகப்பன் குடும்பப் பெயரையே வைத்துக்கொண்டார்கள், மாற்றி எழுதிவிடாதீர்கள்.

படி 6: இவர்கள் எந்தத் தமிழில் பேசுவார்கள்?

நம்மிடம் சரித்திர நாவல் என்றாலே ‘பிராணநாதா’, ‘தேவி’ என்று ஆரம்பித்துவிடுகிற பழக்கம் இருக்கிறது. அது சோழ தேசத்து வாசனை. ஸ்ட்ராத்தர்ன் மலைக்காரன் வாயில் ஒட்டாது. அதற்காக மதுரைப் பேச்சோ சென்னைப் பேச்சோ கொடுத்தாலும் சிரிப்புதான் வரும். வட்டாரம் தெரியாத எளிய எழுத்துத் தமிழ், சின்னச் சின்ன வாக்கியங்கள். க்ளென் (பள்ளத்தாக்கு), லோக் (ஏரி), பிளெயிட் மாதிரி பத்துப் பதினைந்து சொற்களை மட்டும் அப்படியே விடுங்கள். முதல் முறை வரும்போதே காட்சியிலேயே பொருள் விளங்கிவிட வேண்டும், அடிக்குறிப்பு வேண்டாம்.

தமிழில் எழுதுவதால் உங்களுக்கு ஒரு கூடுதல் கருவியும் இருக்கிறது. நாயகி அவனை ‘நீங்கள்’ என்று ஆரம்பித்து, எந்த அத்தியாயத்தில் ‘நீ’ என்று மாறுகிறாள்? முதல் முத்தத்திலா, முதல் சண்டையிலா? என் ஓட்டு சண்டைக்குத்தான். சித்தியைப் பொறுத்தவரை எதிர்த்திசை: கடைசிவரை ‘வாம்மா, போம்மா’ என்று குழைகிறவள், விசாரணை நாளில் முதல் முறையாக ‘நீங்கள்’ என்று கூப்பிடட்டும்.

படி 7: முடிவும் பின்னுரையும்

ரொமான்ஸில் முடிவு சுபம்தான், அதில் பேரமே கிடையாது. ஆனால் பின்கதை அத்தியாயத்தில் குழந்தையைக் காட்டுவது வெறும் சம்பிரதாயமாக இருக்க வேண்டியதில்லை. மனைவியின் பரம்பரை நிலத்தை அவள் காலத்துக்குப் பிறகு கணவன் ஆயுள்வரை அனுபவிக்க ஒரு நிபந்தனை இருந்தது: அவர்களுக்கு உயிரோடு ஒரு குழந்தை பிறந்திருக்க வேண்டும், அதன் அழுகுரல் கேட்கப்பட்டிருக்க வேண்டும். முத்திரை அச்சைத் திருப்பிக் கொடுத்த நாயகன், அந்த அழுகுரல் கேட்டதும் நிலத்தைப் பற்றி நினைக்கிறானா இல்லையா என்பதை ஒரு வரியில் காட்ட முடிந்தால் அந்த அத்தியாயத்துக்கு அர்த்தம் வந்துவிடும்.

பின்னுரை ஒரு பக்கம் எழுதுங்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் கூட்டம் உண்மை, உங்கள் கோபுரமும் குடும்பமும் கற்பனை, அடுப்பு மூடும் ஜெபம் பிற்காலப் பதிவிலிருந்து எடுத்தது என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். அதை நாவலுக்கு முன்னால் போடக் கூடாது, கடைசியில்தான். முன்னால் போட்டால் செருப்புக்குப் பதில் முத்திரை என்பது முதல் பக்கத்திலேயே தெரிந்துவிடும்.